எதிர்வீட்டில் வைத்த பயணம்

ரவையை வறுக்கும்போது கரண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினா அடி கறுத்துடும், இதை என் பொண்டாட்டி அரசி போன்ல ஒரு தடவையா சொன்னா, நூறு தடவை சொல்லியிருப்பா, சரிம்மா தாயே எனக்கென்ன காது செவிடான்னு நானும் எரிஞ்சு விழுந்திருக்கேன். ஊர் ஊரா சங்கிலி போட்டு நிலம் அளந்த சர்வேயருக்கு அரைக் கிலோ ரவை வறுக்கத் தெரியாதா? தெரியல. அதான் நிஜம். அவ பொண்ணு வீட்டுக்குப் போன மறுநாள் நான் பண்ண உப்புமாவைக் காக்காய்க்கு வெச்சேன், காக்கா என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் பறந்துடுச்சு. இப்ப தேவலை. இன்னிக்கு எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் வீடு காலி பண்றாங்க, அவங்க புருஷன் ஜேக்கப்புக்கு மதுரைக்கு மாத்தல். அடுப்பு சிலிண்டர் எல்லாம் நேத்தே கட்டியாச்சு, பட்டினியாவா வண்டி ஏறுவாங்கன்னு நான்தான் வாயைக் குடுத்தேன், டிபன் நம்ம வீட்லன்னு. 'அண்ணே, நீங்களா?'ன்னு டீச்சர் கண்ணை அகலமா விரிச்சாங்க. ஏன், நான் கிண்டினா வேகாதா? கீழ வேன் வந்து நிக்குது, மாடிப்படியில பீரோ இறங்கற சத்தம் கேக்குது, பாத்துப்பா செவுத்துல இடிக்காதன்னு போய்ச் சொல்லணும், நான் இந்த ஃபிளாட்டுக்குச் செக்ரட்டரி, ஒரு கீறல் விழுந்தாலும் என்னைத்தான் கேப்பாங்க, ஆனா கரண்டியை விட முடியல. ஒன்பது மணிக்கு அரசி கூப்பிடுவா. அதுக்குள்ள உப்புமா முடியணும். அதுக்குள்ள நானும் ஒரு முடிவுக்கு வரணும். வான்னு சொல்றதா, இருன்னு சொல்றதா? ரெண்டும் சின்னச் சின்ன வார்த்தை, எதைச் சொன்னாலும் நான் செத்தேன்.

எங்க ஒரே பொண்ணு நித்திலா கனடாவுல கால்கரிங்கற ஊர்ல இருக்கா, அவளுக்குப் பிரசவம்னு ஆவணியில அரசி போனா, பொண்ணுக்குப் பொண்ணு பிறந்தது, எல்லாம் சுகம், அடுத்த வாரம் திரும்பி வர்றதுக்கு டிக்கெட்டும் இருக்கு. இருந்துது. நேத்து நித்திலா கூப்பிட்டு, அப்பான்னு இழுத்தா. அவ அப்பான்னு இழுத்தாலே எனக்குத் தெரியும், சின்ன வயசுல சைக்கிள் கேட்டப்பவும் இப்படித்தான் இழுத்தா. 'நான் வேலைக்குத் திரும்பணும்ப்பா, பாப்பாவை யார்கிட்டயோ விட மனசு வரல, அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமே, இங்க கேட்டா நீட்டிக் குடுப்பாங்க, டிக்கெட்டை மட்டும் நாளைக்குள்ள மாத்தணும்.' நான் என்ன சொல்லணும்? அம்மா என்ன சொல்றான்னேன். 'அம்மா உங்களைக் கேக்கச் சொல்றாங்க.' பாத்தீங்களா, பந்தை எப்படி என் பக்கம் தள்ளி விட்டுட்டா. முப்பத்து நாலு வருஷமா இதேதான், கத்தரிக்காய் வாங்கறதா வெண்டைக்காய் வாங்கறதான்னாகூட அவரைக் கேட்டுச் சொல்றேன்பா, கடைசியில அவ நினைச்சதுதான் குழம்புல கொதிக்கும். ஆனா இதுல அவ என்ன நினைக்கறான்னே எனக்குப் பிடிபடல. ரவை வாசனை வருது. போதும்னு நினைக்கறேன். இன்னும் ரெண்டு புரட்டு.

தூரம்னு ஒண்ணு இருக்கே, அதை நான் சும்மா விடல. தினம் காலையில காபி குடிச்சதும் போன்ல தட்டுவேன், சென்னை கால்கரி தூரம்னு. பன்னெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்ச் சொச்சம்னு காட்டும். பறக்கும் நேரம் பதினாலரை மணிக்குக் கொஞ்சம் மேல. ஏற இறங்க அரை மணி சேர்த்திருக்குன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்கும். என்னமோ நாளைக்கு மாறிடப் போற மாதிரி தினம் தட்டிப் பாக்கறேன், பைத்தியக்காரன். மாறவே மாறாது, ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாது. அதுலயும் ஒரு பித்தலாட்டம் பாருங்க, பதினாலரை மணின்னு கணக்குப் போட்டுக் குடுக்கறானே, அப்படி நேரா போற விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்குப் பறக்கும் நேரம் சொல்றான். அரசி பிராங்பர்ட்ல இறங்கி, அங்க ஒரு பெஞ்சுல மடியில பையை வெச்சுக்கிட்டு உக்காந்து, கொண்டு போன தயிர்சாதத்தை யாராவது பாக்கறாங்களான்னு பாத்துப் பாத்துத் தின்னு, மறுபடி ஏறி, பொண்ணு வீட்டுல கால் வைக்கறதுக்குள்ள ஒரு பகல் ஒரு ராத்திரி தாண்டிப் போச்சு. அப்புறம் அந்த வரைபடம். நேர்கோடுன்னு ஒரு கோடு போட்டிருக்கான், அது என்னடான்னா வளைஞ்சு மேல ஏறி வடதுருவத்துப் பனி பக்கம் போய் அந்தப் பக்கமா இறங்குது. எனக்கே காது குத்தறியான்னு, காய்கறிக்காரன்கிட்ட ஒரு முழுப் பறங்கிக்காய் வாங்கிட்டு வந்து, மேல ரெண்டு மிளகாயைக் குத்தி, நடுவுல நூலைப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன். அவன் சொன்னது சரி. நூல் அப்படித்தான் போகுது. அந்தப் பறங்கிக்காயை மூணு நாள் வெட்ட மனசு வரல எனக்கு, அப்புறம் அழுக ஆரம்பிச்சது, தனி ஆளுக்கு எதுக்கு அத்தனாம் பெரிய காய்.

நிலம் அளக்கறப்ப நடுவுல குளம் கிணறு வந்தா சுத்திக்கிட்டுப் போய் அளப்போம், ஆனா கால் நிலத்துலதான் இருக்கும். நான் நடக்காத தூரத்தை தூரம்னு ஒத்துக்கிட்டதே இல்லை. கால் வெக்கற இடத்துல மண்ணு இருக்கணும். இந்தா, பிளேன் ஒண்ணு வருது பாரு. வருது, வருது, ஜன்னல் கண்ணாடி அதிருது, தட்டு ரெண்டும் அலமாரியில கிடுகிடுங்குது. இங்க ஏர்போர்ட்டை ஒட்டிப் பொழிச்சலூர்ல வீடு வாங்கின என் புத்தியைச் செருப்பால அடிக்கணும், மலிவா கிடைச்சுதுன்னு வாங்கினேன், தலைக்கு மேலயே இறங்குது ஒவ்வொண்ணும், சக்கரத்துல ஒட்டியிருக்கற அழுக்குகூடத் தெரியும். தாழப் போகும்போது நான் காதைப் பொத்திக்குவேன். சத்தம் தாங்கலடி, காது ஜவ்வு கிழிஞ்சுடும்போல இருக்குன்னு அரசிகிட்ட சொல்லுவேன். சத்தமில்லை. சத்தம் எனக்குப் பழகிப் பல வருஷம் ஆச்சு. அதுக்குள்ள உக்காந்திருக்கறவங்க காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையேன்னு ஒரு நினைப்பு வரும், அதுக்குத்தான் பொத்திக்கறது. இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. எப்படிச் சொல்றது? பாறை உச்சியில கல்லு நட்டவன், மலைப் பஸ்ல வாந்தி எடுப்பேன்னு ஊருக்கே தெரியும், அது உடம்புவாகு, யாருக்கு வேணா வரலாம், ஆனா பயம்னு சொன்னா மரியாதை போயிடாதா? அதனால மோட்டார்னு சொன்னேன்.

அதை நினைச்சாத்தான் எனக்கே வெக்கமா இருக்கு. விசா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வந்தது. நித்திலா ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடறேன்னா. நான், அதெல்லாம் சரிப்படாதும்மா, நான் வந்துட்டா ஃபிளாட் மோட்டாரை யார் போடறது, சம்ப்புத் தொட்டி நிறைஞ்சு வழிஞ்சா யார் பாக்கறது, தண்ணி லாரிக்காரன் ஏமாத்திட்டுப் போயிடுவான், எட்டு வீட்டுக்காரங்களும் என் ஒருத்தனை நம்பித்தான் இருக்காங்கன்னு அளந்தேன். பேத்தி பிறக்கப்போறா, ஒரு சுவிட்சுக்காக நான் வரலைன்னு சொல்றேன். நித்திலா கோவிச்சுக்கிட்டு நாலு நாள் பேசல. அரசி ஒரு வார்த்தை கேக்கணுமே! என் முகத்தை ஒரு தடவை பாத்தா, வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே, 'சரிங்க, மோட்டார் முக்கியம்தான்'னா. நக்கலா நிஜமான்னு இன்னிவரைக்கும் தெரியல. கடுகு வெடிக்குது. உளுத்தம்பருப்பு எங்க, இந்த டப்பாவுல இல்லை, அடுத்ததுல, அவ வெச்ச இடத்தை நான் மாத்தவே இல்லை, ஆனாலும் தினம் தேடறேன்.

அவ கிளம்பின நாள் அஷ்டமி. பிளேன்காரனுக்கு அஷ்டமி நவமி ஏது, அவன் இஷ்டத்துக்குக் கிளப்புவான். அரசிக்கு மனசு ஒப்பல. அதனால பரஸ்தானம் வெச்சா. இப்பல்லாம் யாருக்குத் தெரியும் அது? கிளம்பற நாள் சரியில்லைன்னா அதுக்கு முன்னால ஒரு நல்ல நேரத்துல, போறவங்களோட துணிமணி கொஞ்சத்தை ஒரு பையில போட்டு வேற வீட்ல கொண்டுபோய் வெச்சுடறது. அப்பவே பயணம் கிளம்பிட்டதா கணக்கு. அப்புறம் எந்த நேரத்துல கிளம்பினாலும் தோஷமில்லை, போற வழியில அந்தப் பையை எடுத்துக்கிட்டுப் போயிடலாம். ஒண்ணே ஒண்ணு, வெச்ச பை திரும்ப வீட்டுக்குள்ள வரக் கூடாது, வந்தா பயணம் கெட்டுப்போச்சு. முதநாள் காலையில நல்ல நேரத்துல ஒரு அரக்குக் கலர் ஜிப்பு பையைத் தூக்கிட்டுப் போய் எஸ்தர் வீட்ல வெச்சுட்டு வந்தா. வேதக்காரங்க வீட்ல பரஸ்தானமாடின்னு நான் சிரிச்சேன். நல்ல மனசு இருக்கற வீடா இருந்தா போதும்னா. மறுநாள் கார் வந்து ஹாரன் அடிக்குது, நான் பெரிய பெட்டி ரெண்டையும் இறக்கறேன், பாஸ்போர்ட்டான்னு கேக்கறேன், மாத்திரையான்னு கேக்கறேன், ஏர்போர்ட் வாசல்ல போய் இறங்கினதும்தான் எனக்குப் பொறி தட்டிச்சு. ஐயோ, பரஸ்தானப் பை! எதிர்வீட்லயே விட்டுட்டு வந்துட்டோமேடி! கேஸ் மூடினேனான்னு தெருமுனையில இருந்து திரும்பி வர்ற பொம்பளை, அன்னிக்கு அசையவே இல்லை. 'விடுங்க, நேரமாச்சு. அது எப்ப வரணுமோ அப்ப வரும்.' பைக்கென்ன கால் முளைக்குமா? அதுக்குள்ள வரிசை நகந்துடுச்சு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போயிட்டா. திரும்பிப் பாத்து ஏதோ வாயசைச்சா, எனக்குக் கேக்கல. என்ன சொன்னான்னு அப்புறம் கேக்கவும் இல்லை, அதெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு, என்ன நினைப்பா.

அந்தப் பை இந்த அஞ்சு மாசமா அங்கதான் இருக்கு. எஸ்தர் வீட்டுக் கதவு திறந்திருந்தா நேரா தெரியும், கீபோர்டு ஸ்டாண்டுக்குக் கீழ, மேல ஒரு பூப்போட்ட துண்டு போத்தி வெச்சிருப்பாங்க. நான் பேப்பர் எடுக்கப் போற மாதிரி போவேன், பால் பாக்கெட் எடுக்கப் போற மாதிரி போவேன், எட்டி ஒரு பார்வை. இருக்கா, இருக்கு. அதுல ஒரு நிம்மதி எனக்கு, சொன்னா சிரிப்பாங்க. அவ முழுசா போகலை, கொஞ்சம் இங்கயும் இருக்கா, பத்தடி தூரத்துல ஒரு துண்டுக்குக் கீழ இருக்கான்னு தோணும். 'அண்ணே, அந்தப் பை...'ன்னு டீச்சர் ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சாங்க. இருக்கட்டும்மா, அங்கயே இருக்கட்டும்னு நான் ஓடி வந்துடுவேன், வீட்டுக்குள்ள கொண்டாந்தா அவ பயணத்துக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு பக்கம், கொண்டாந்துட்டா அப்புறம் எட்டிப் பாக்க என்ன இருக்குன்னு ஒரு பக்கம். 'வெள்ளிக்கிழமை ஜெபத்துல அதுக்கும் சேத்துத்தாண்ணே ஜெபிக்கறோம்'னு சொன்னாங்க ஒரு நாள். சிரிக்கறதா அழறதா. உப்பு போட்டேனா? போட்டேன். போட்டேன்னுதான் நினைக்கறேன். தண்ணி கொதிக்கட்டும்.

தினம் பேசறோமே, அப்புறம் என்ன குறைன்னு கேப்பாங்க. கேக்கட்டும். வீடியோவுல கூப்பிடுவா, போனை எங்கயோ சாச்சு வெச்சிடுவா, எனக்குத் தெரியறது அவ நெத்தி மட்டும்தான். நெத்தியும், மேல மின்விசிறி இல்லாத வெள்ளைக் கூரையும். அஞ்சு மாசமா நான் ஒரு நெத்தியோட குடும்பம் நடத்தறேன். கொஞ்சம் கீழ இறக்குடின்னா, இறக்குவா, அப்ப மூக்குத்தி தெரியும், நெத்தி போயிடும். எனக்குக் காலை ஒன்பது, அவளுக்கு ராத்திரி எட்டரை, அதுவும் நேத்து ராத்திரி. நான் சாப்பிடப் போற டிபனை நேத்துல இருந்துக்கிட்டு விசாரிப்பா. 'டிபன் ஆச்சா? மாத்திரை போட்டீங்களா? முனுசாமி துணி குடுத்தானா?' அதான் பேச்சு. முனுசாமின்னா கீழ வண்டி போட்டிருக்கற இஸ்திரிக்காரன், படவா, என் பச்சைக் கட்டம் போட்ட சட்டையைத் தொலைச்சுட்டு, என்கிட்ட வரவே இல்லை சாமின்னு கற்பூரம் அடிக்கறான். நித்திலா முதல் சம்பளத்துல எடுத்துக் குடுத்த சட்டை. நாலு பேர் முன்னால அவனைத் திட்டினேன், அப்புறம் துணியே போடறதில்லை, நானே கசங்கினதை மாட்டிக்கிட்டு அலையறேன். இதையும் அவகிட்ட சொன்னேன், மூணு நாள் இதையேதான் சொன்னேன், 'பாவம் முனுசாமி, விடுங்க'ன்னா, அவளுக்கு எப்பவும் ஊரான்தான் உசத்தி. இப்படிச் சட்டையும் மாத்திரையுமா பேசி நேரம் போயிடும். நீ இல்லாம எனக்கு முடியலடின்னு சொல்ல வாய் வரைக்கும் வரும், அப்பப் பார்த்து பாப்பா அழும், இருங்க வரேன்னு நெத்தி எழுந்து போயிடும், நான் கூரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

முடியல. அதை இங்க, இந்த அடுப்புகிட்டயாவது சொல்லிக்கறேனே. எனக்கு அவ வேணும். அவ தலையில இருந்து வர்ற சீயக்காய் வாசனை வேணும், சாயங்காலம் அரிசி களையற சத்தம் வேணும், நான் கத்தும்போது காதுல விழாத மாதிரி போற அந்த நடை வேணும். நான் ஜவ்வாது மலை கேம்ப்புக்குப் போனா வாரக் கணக்கா வர மாட்டேன், அப்ப நாங்க திருப்பத்தூர்ல இருந்தோம், கல்யாணமான புதுசு. ஒரு நாளாவது சீக்கிரம் வாங்கன்னு சொல்லியிருக்காளா? இல்லை. கண்டக்டர்கிட்ட ஒரு பொட்டலம் குடுத்து விடுவா, திறந்தா இஞ்சி மரப்பா இருக்கும், மலைப் பஸ்ல எனக்குக் குமட்டும்னு. ஒரு வரி எழுத மாட்டா, மரப்பா மட்டும் வரும். நான் அதைச் சப்பிக்கிட்டே சங்கிலி பிடிப்பேன். இப்ப அது என் பக்கம் திரும்பிடுச்சு பாரு, நான் இங்க உக்காந்து பஸ் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டிருக்கேன். அங்க அவளுக்கு ஏதாவதுன்னா? பனியில வழுக்கிட்டான்னா? பதினாலரை மணின்னு போட்டிருக்கானே, அந்த இல்லாத விமானத்துலயா நான் போவேன்? இல்லை, இங்க எனக்கு ஏதாவதுன்னா? குளிக்கப் போய் விழுந்தா யார் கதவைத் தட்டுவா, இத்தனை நாள் எஸ்தராவது இருந்தாங்க. அதனால வான்னு சொல்லிடலாம். சொன்னா வந்துடுவா, மறு பேச்சுப் பேச மாட்டா. ஆனா அங்க பச்சைக் குழந்தை, மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிட்டா பொண்ணு ஒத்தையா அல்லாடுவா, அரசி இங்க வந்து என் முன்னால உக்காந்துக்கிட்டு மனசை அங்க வெச்சிருப்பா, அதைப் பாக்க எனக்குச் சகிக்காது. அப்ப இருன்னு சொல்லிடலாம். இன்னும் ஆறு மாசம், தை மாசி பங்குனி சித்திரை, ஐயோ, மாம்பழம் வந்துட்டுப் போயிடும். வா. இரு. வா. தண்ணி தளதளங்குது. ரவையை ஒரு கையால தூவிக்கிட்டே மறு கையால கிண்டணும், கட்டி தட்டக் கூடாது.

"அண்ணே."

"இந்தா ஆச்சும்மா, அஞ்சு நிமிஷம். ஜேக்கப்பைக் கை கழுவச் சொல்லு."

"உப்புமா இருக்கட்டும்ண்ணே. இதைப் பாருங்க."

எஸ்தர் டீச்சர் வாசப்படிக்கு அந்தப் பக்கம் நிக்கறாங்க, ரெண்டு கையிலயும் அந்த அரக்குக் கலர் பை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "உள்ள கொண்டாராதம்மா!"ன்னு கரண்டியோட ஓடினேன்.

"தெரியும்ண்ணே, அக்கா சொல்லியிருக்காங்க. அதான் படியிலயே நிக்கறேன். எங்க வீட்டைப் பூட்டிச் சாவியைக் குடுக்கப் போறோம், இதை எங்க வைக்கட்டும்?"

"உங்க வண்டியிலயே மதுரைக்குக் கொண்டு போயிடேன். உனக்குப் புண்ணியமாப் போகும். அவ வந்ததும் நான் வந்து வாங்கிக்கறேன்."

"நல்லாயிருக்கே! அது மதுரைக்குப் போற பையா?" டீச்சர் பையை ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தரையில வெச்சாங்க. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. "அண்ணே, அக்கா போறப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. நீயா குடுக்காத எஸ்தர், அவரா வந்து கேக்கணும், கேட்டாதான் குடுக்கணும்னு. நானும் பாத்தேன், பாத்தேன். தினம் எட்டி எட்டிப் பாக்கறீங்க, கேக்க மட்டும் மாட்டேங்கறீங்க. நான் பேச்சை எடுத்தாலும் ஓடிடறீங்க. இப்ப சொல்லாம எப்படிண்ணே போவேன்?"

"அவ பையை நான் எதுக்கும்மா கேக்கணும்?"

"அக்கா பையின்னு உங்களுக்கு யார் சொன்னா?" டீச்சர் என்னைப் பாத்த பார்வை, நாலாங்கிளாஸ்ல கணக்குத் தப்பாப் போட்ட பையனைப் பாக்கற பார்வை. "திறந்து பாருங்கண்ணே." சொல்லிட்டு, பாத்திரக் கூடையை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கிட்டாங்க.

படியில உக்காந்தேன். ஜிப்பு இறுகிப்போயிருந்துது, இழுத்தா வரல, பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தேன். மேல ஒரு குரங்குக் குல்லா, புதுசு, சீட்டுகூடப் பிரிக்கல. அதுக்குக் கீழ ஒரு கம்பளிச் சட்டை, ஆம்பளைங்க போடறது. என் வேட்டி ரெண்டு. என் பனியன். அப்புறம் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. மடிப்புக் கலையாம, முனுசாமி போட்ட இஸ்திரி அப்படியே இருக்கு. அட முனுசாமி, உன்னை என்ன பேச்சுப் பேசினேன்! கையை இன்னும் உள்ள விட்டேன். அடியில ஒரு சின்ன டப்பா, திறந்தா இஞ்சி மரப்பா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. டப்பா மூடியில ரப்பர் பேண்டு போட்டு ஒரு பஞ்சு உருண்டை. காதுக்கு. அவளுக்குத் தெரியும். மோட்டாரும் இல்லை, சம்ப்பும் இல்லைன்னு அவளுக்குத் தெரியும், காதைப் பொத்திக்கறது சத்தத்துக்கு இல்லைன்னும் தெரியும், வெங்காயம் உரிச்சுக்கிட்டே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேட்டாளா, என் மரியாதையை என்கிட்டயே விட்டு வெச்சிருக்கா. அஷ்டமிக்கு முதநாள் நல்ல நேரத்துல அவ கிளப்பினது அவ பயணத்தை இல்லை. என்னுதை. அவளுக்கு எதுக்குப் பரஸ்தானம், அவ பாட்டுக்கு எந்த நேரத்துலயும் கிளம்பிப் போறவ. நான் அஞ்சு மாசமா இந்த வாசல்ல நின்னுக்கிட்டு அவ கொஞ்சம் இங்க இருக்கான்னு எட்டி எட்டிப் பாத்தேன், முட்டாப்பய, அங்க துண்டுக்குக் கீழ இருந்தது நான். ஏர்போர்ட்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைச்சாளே, என்ன சொல்லியிருப்பான்னு இப்ப கேக்குது எனக்கு. வாங்கன்னு சொல்லியிருக்கா. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை, அதுவும் காதுல விழாத இடத்துல நின்னுக்கிட்டு. கண்ணு எரியுது, உள்ள அடி பிடிச்ச புகை வருது, புகைன்னே வெச்சுக்கலாம்.

ஓடிப்போய் அடுப்பை அணைச்சேன். உப்புமா அடியில கறுத்துப்போச்சு, மேல பாதியை எடுத்துக் குடுத்துடலாம், ஜேக்கப் ஒண்ணும் சொல்ல மாட்டான். போன் அடிக்குது. எடுத்துக்கிட்டு மறுபடி படிக்கு வந்தேன், பைகிட்ட உக்காந்தேன். நெத்தி வந்துது. குங்குமம் கொஞ்சம் கோணலா இருக்கு.

"என்னங்க, டிபன் ஆச்சா?"

"ஆச்சு. உப்புமா. அடி பிடிச்சுடுச்சு."

"கரண்டியை நிறுத்தியிருப்பீங்க." பின்னால பாப்பா ஏதோ முனகுது. "நித்திலா கேக்கறா, டிக்கெட்டை மாத்தவா வேணாமான்னு. நீங்க சொல்றதுதான். வான்னா வந்துடறேன்."

பயம் போகல. பொய் சொல்லுவானேன், இப்பவும் தலைக்கு மேல ஒண்ணு போகுது, கை தன்னால காதுக்குப் போகுது. அதே பன்னெண்டாயிரத்து எழுநூறு, ஒண்ணும் குறையல.

"மாத்தச் சொல்லு"ன்னேன். "இன்னும் ஆறு மாசம் இரு."

நெத்தியில மூணு கோடு விழுந்துது. "சரிங்க"ன்னு ஒரு குரல் வந்துது பாருங்க, அப்படி ஒரு சின்னக் குரலை நான் அவகிட்ட கேட்டதே இல்லை. அவளும், நான் வான்னு சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்திருக்கா. அட கிறுக்கி.

"அரசி, நான் கிளம்பி அஞ்சு மாசமாச்சுடி. நல்ல நேரம் பாத்துத்தான் அனுப்பி வெச்ச, நான்தான் எதிர்வீட்டைத் தாண்டறதுக்குள்ள இத்தனை நாளாக்கிட்டேன். மரப்பா எல்லாம் ஒட்டிப்போச்சு. பரவாயில்லை, சப்பிக்கிட்டே வந்துடறேன்."

போன் சாஞ்சு, கூரை சுத்தி, சுவர் சுத்தி, அப்புறம் நேரா நின்னுது. முகம். முழு முகம், நெத்தி, மூக்குத்தி, வாய், எல்லாம் ஒண்ணா, அஞ்சு மாசத்துல முதல் தடவை. இளைச்சிருக்கா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, குரலைச் செருமிக்கிட்டு, ரொம்பக் கவலையாக் கேக்கற மாதிரி கேட்டா.

"அப்ப மோட்டாரை யாருங்க போடுவா?"